சின்ன லேத்துக்கு விஎஃப்டி: வாங்கலாம், பெட்டிக்கும் சேர்த்துக் காசு எடுத்து வையுங்கள்

ஒரு ஹெச்பி விஎஃப்டி (கரண்டின் ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டிரைவ்), வீட்டுச் சிங்கிள் பேஸை வாங்கி த்ரீ பேஸாகக் கொடுக்கிற வகை, கோயம்புத்தூரிலிருந்து பார்சலில் வரவழைத்து மண்டபத்தில் என் ஏழு இஞ்ச் மினி லேத்தில் மாட்டி, கச்சான் காற்றும் பார்த்தாயிற்று, வாடையும் பார்த்தாயிற்று. கம்பெனி பெயர் வேண்டாம். பத்தாயிரத்துக்குள் கிடைக்கிற டிரைவ்களில் நான் கை வைத்துப் பார்த்தவரை எல்லாம் ஏறக்குறைய ஒரே குணம்தான்.

லேத்தோடு வந்தது கார்பன் பிரஷ் வைத்த டிசி மோட்டார், அதற்கு ஒரு ஸ்பீடு போர்டு. நாபைத் திருப்பினால் வேகம் குறையும், கூடவே தெம்பும் குறையும். வல்லத்து பம்புக்கு ஒரு கன்மெட்டல் புஷ் கடைந்து, கட்டிங் டூலை விட்டுத் துண்டிக்கப் போனால் வேலைத்துண்டைப் பிடித்துச் சுற்றுகிற சக் பாதியில் அப்படியே நின்றுவிடும். நின்ற மோட்டாருக்குள் கரண்ட் ஏறிக்கொண்டே போகும், போர்டு சூடாகும், ஒருநாள் புகையும். புகைந்தது. அதே போர்டை மறுபடி வாங்கி அதே வேலையை அதனிடம் கேட்பதில் எனக்கு விருப்பமில்லை.

புது மோட்டார் அரை ஹெச்பி, நாலு போல், த்ரீ பேஸ். நம்ம ஊர்ச் சின்ன மோட்டார்கள் வழக்கமாக 415 வோல்ட்டுக்கு, மூன்று காயிலின் ஒரு முனையை ஒன்றாக முடிந்த ஸ்டார் கனெக்‌ஷனில் வரும். சிங்கிள் பேஸ் விஎஃப்டி 230 வோல்ட்டுக்கு மேல் தராது, அதனால் டெர்மினல் பெட்டியைத் திறந்து பித்தளைப் பட்டைகளை டெல்டாவுக்கு, அதாவது காயில்களை முக்கோணமாகக் கோர்க்கிற முறைக்கு, மாற்ற வேண்டும். இதற்கு ஆறு முனையும் வெளியே வந்திருக்க வேண்டும். சில மோட்டார்களில் மூன்று வயர்தான் வெளியே தொங்கும், ஸ்டார் முடிச்சு காயிலுக்குள்ளேயே புதைந்திருக்கும், அதைப் பிரித்தெடுக்க ரீவைண்டிங் கடைக்குத்தான் போகணும். கடையில் காசு கொடுக்கும் முன் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். டெல்டா போட்ட பின் ஆம்பியரும் மாறும்: பிளேட்டில் ஸ்டாருக்கு எழுதியிருப்பதை 1.73ஆல் பெருக்கி அந்த எண்ணை டிரைவில் பதியுங்கள். பதியாவிட்டால் ஒரு ஹெச்பி டிரைவ் அரை ஹெச்பி மோட்டாரைக் கருக்கும்வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

சரி, ஓட்டம் எப்படி? அருமை. 25 ஹெர்ட்ஸில் அதே புஷ், அதே டூல்: டிஸ்பிளேயில் ஆம்பியர் கொஞ்சம் ஏறுகிறது, மோட்டார் சத்தம் அரை சுருதி இறங்குகிறது, பிசிறு சுருளாமல் பொடியாகக் கொட்டுகிறது, சக் நிற்கவில்லை. மரை போடும்போது ரிவர்ஸ் ஒரு ஸ்விட்ச்சில் வருவது தனிச் சுகம். என் லேத்தில் சக் போல்ட்டில் நிற்கிறது, பயமில்லை. சக்கை மரையில் திருகி மாட்டுகிற பழைய லேத் வைத்திருப்பவர்கள் ரிவர்ஸையும் வேகமான பிரேக்கையும் தொடாதீர்கள், சக் கழன்று காலில் விழும்.

ஆனால் “விஎஃப்டி போட்டால் புல்லியே வேண்டாம், எல்லா வேகமும் நாபிலேயே” என்று விற்கிறவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகும்போது முறுக்குவிசை ஏறக்குறைய அப்படியே இருக்கும், பவர் மட்டும் வேகத்தோடு சேர்ந்து இறங்கும். 10 ஹெர்ட்ஸில் அரை ஹெச்பி மோட்டாரிடம் மிச்சம் இருப்பது அதில் ஐந்தில் ஒரு பங்கு. ஷாஃப்ட்டிலேயே இருக்கிற விசிறியும் அப்போது மெதுவாகச் சுற்றுவதால் மோட்டார் சூடாகும். பெல்ட்டை மோட்டார் பக்கத்துச் சின்னப் புல்லிக்கு மாற்றிவிட்டு மோட்டாரை 30, 40 ஹெர்ட்ஸில் ஓட்டுவதுதான் முறை. நான் புல்லியைக் கழற்றவில்லை.

சத்தம் ஒரு தொல்லை. வாங்கியபடியே ஓட்டினால் மோட்டார் கொசு மாதிரி ரீங்காரமிடும். கேரியர் ஃப்ரீக்வன்சியை (டிரைவ் உள்ளே கரண்டை வெட்டி வெட்டி விடுகிற வேகம்) ஏற்றினால் காதுக்குக் கேட்காமல் போகும், டிரைவ் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். அதைவிடப் பெரிய தொல்லை ரேடியோ. பக்கத்து வீட்டுப் பெரியவர் சாயங்காலமானால் மீடியம் வேவில் இலங்கை ஸ்டேஷன் பிடிப்பவர். “தம்பி, நீ மெஷினைப் போட்டா எனக்கு வெறும் கர்ருன்னு கேக்குதுப்பா” என்றார். மோட்டார் வயரை ஷீல்டு கேபிளாக மாற்றி, ஷீல்டை எர்த்தில் சேர்த்து, நீளத்தையும் குறைத்த பிறகு பாட்டுக் கேட்கிறது. முழுக்கத் தெளிவு என்று சொல்ல மாட்டேன்.

இந்தக் கரையில் இதை வாங்குகிறவர்களுக்கு முக்கியமான விஷயம் உப்பு. பாம்பன் பாலத்துக்கு ஓயாமல் பெயின்ட் அடித்தே காலம் போன ஊர் இது. டிரைவோ ஐபி20, அதாவது நாலு பக்கமும் திறந்த ஜன்னல், உள்ளே ஒரு குட்டி ஃபேன் காற்றை இழுத்து போர்டின் மேலேயே விடுகிறது. உப்பும் ஈரமும் இரும்புப் பிசிறும் ஒரே வழியாக உள்ளே போகும். அதனால் தேவைக்கு இரண்டு மடங்கு பெரிய அலுமினியப் பெட்டி அடித்து, கதவுக்கு ரப்பர் பீடிங் கொடுத்து, வயர் நுழைகிற இடத்தில் கிளாண்டு போட்டு மூடிவிட்டேன். அரை ஹெச்பி லோடுக்கு டிரைவ் விடுகிற சூடு சில பத்து வாட்தான், பெட்டியின் உடம்பே அதை வெளியே விட்டுவிடும். நாப், ஸ்விட்ச், எமர்ஜென்சி ஸ்டாப் எல்லாம் வெளியே. பெட்டிக்கும் கேபிளுக்குமே டிரைவ் விலையில் பாதி ஆனது. ஏதாவது பார்க்க உள்ளே கை விடுவதானால் மெயினை அணைத்துப் பத்து நிமிடம் காத்திருங்கள், கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும்.

அப்புறம் கரண்ட் கட். மின்சாரம் போய்த் திரும்பி வந்ததும் தானே ஓடுகிற வசதி ஒன்று இதில் உண்டு. அது ஆஃபில் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். சில டிரைவில் ரன் ஸ்விட்ச் ஆனிலேயே கிடந்தாலும் கரண்ட் வந்தவுடன் கிளம்பிவிடும், அதற்கும் தனி செட்டிங் இருக்கிறது. கரண்ட் இல்லாதபோது சக்கில் சாவியை மாட்டிவிட்டு டீ குடிக்கப் போகிற கை எல்லோருக்கும் உண்டு.

விற்பனைக்குப் பின் சேவை சுமார் ரகம். ஃபேன் சத்தம் போட ஆரம்பித்தபோது கடையில் கேட்டேன், “முழுசா அனுப்புங்க சார், பாக்கலாம்” என்றார்கள். அனுப்பவில்லை. அந்த ஃபேன் சாதாரண எலக்ட்ரானிக்ஸ் கடைச் சரக்கு. டிரைவ் வாங்கின கையோடு மூடியைத் திறந்து, அளவையும் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதையும் குறித்துக்கொண்டு ஒன்று வாங்கி வைத்துவிடுங்கள்.