கண்ணாடித் தொட்டியா, முற்றத்துச் சிமென்ட் தொட்டியா?

நட்சத்திர ஆமையை வளர்ப்பதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுப்பதால், இங்கே பேசப்படுவது, தத்தெடுத்த சிவப்புக்காது நீராமை என்ற அயல்நாட்டு ஆமையை எந்தத் தொட்டியில் வளர்ப்பது என்பது மட்டுமே.

கண்ணாடித் தொட்டியின் நன்மை, புதிதாக வந்த ஆமை இரை எடுக்கிறதா, நீந்தும்போது ஒருபக்கமாகச் சாய்கிறதா, மூக்கில் குமிழி வருகிறதா என்பதை அருகிலிருந்தே பார்க்க முடிவதுதான். சாய்ந்து நீந்துவது நுரையீரல் தொற்றின் அடையாளமாக இருக்கலாம் என்பதால், முதல் சில வாரங்களுக்கு இந்தக் கண்காணிப்பு மிக அவசியம். ஆனால் ஆமையின் ஓடு உறுதியாக உதவும் புற ஊதாக் கதிரைக் கண்ணாடி பெருமளவு தடுத்துவிடுகிறது. சன்னலோரம் வைத்தால் போதும் என்றே நானும் நம்பியிருந்தேன். எங்கள் ஆமையின் ஓட்டு விளிம்பு விரலுக்கு நெகிழ்ந்தபோதுதான் தவறு புரிந்தது. அந்தக் கதிரைத் தரும் விளக்கு கட்டாயம் வேண்டும்.

முற்றத்துத் தொட்டியில் வெயிலுக்குக் குறைவில்லை. மதுரையின் சித்திரை வெயிலோ 40 டிகிரியைத் தொடும். ஆழமில்லாத நீர் விரைவில் சூடேறிவிடும் என்பதால், பாதித் தொட்டிக்கு நிழலும், ஏறி உலர ஒரு கல்லும், காக்கையும் பூனையும் அண்டாதபடி கம்பிவலையும் அமைக்க வேண்டும்.

குட்டிக்குக் கண்ணாடித் தொட்டி, உள்ளங்கையை மீறி வளர்ந்ததற்கு முற்றம் என்பதே என் தேர்வு. எதுவானாலும், தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். வளர்க்க இயலாமல் போனாலும் வண்டியூர்க் கண்மாயில் விட்டுவிடாதீர்கள், நாட்டு ஆமைகளின் இரையையும் இடத்தையும் அது பறித்துக்கொள்ளும்.