தங்கச்சிமடம் ஞாயிறு தமிழ் வகுப்பு: மெஸ் பையன்களை அனுப்பிப் பார்த்த அனுபவம்

ராமேசுவரத்தில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். என்னிடம் வேலை பார்க்கும் ஐந்து பேரில் நான்கு பேர் ஒடிசா, கஞ்சாம் மாவட்டத்துப் பையன்கள். வெளி மாநிலத்திலிருந்து வந்தவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து ஊரோடு பழக வைக்கிறோம் என்று தன்னார்வலர்கள் சிலர் தங்கச்சிமடத்தில் ஞாயிறு மாலை ஒரு வகுப்பு நடத்துகிறார்கள். ஒரு வருஷமாக இரண்டிரண்டு பேராக மாற்றி மாற்றி அனுப்புகிறேன், முடிந்த நாட்களில் நானும் கூடப் போய் உட்கார்ந்திருக்கிறேன். பீஸ் கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது, வலை பின்னுகிற கொட்டகையில் பாய் விரித்து நடக்கிறது.

ஏன் அனுப்பினேன் என்றால், அதற்கு முன்னால் ஒரு பையன் நெஞ்செரிச்சல் என்று தனியாக ஒரு கிளினிக்குக்குப் போய்விட்டான். பேசத் தெரியாமல் நெஞ்சைத் தொட்டுக் காட்டியிருக்கிறான். அவர்கள் வேறு என்னவோ என்று பயந்துபோய் ராமநாதபுரத்துக்குப் போகச் சொல்ல, பகல் முழுக்க அலைந்து, கையில் இருந்த காசெல்லாம் தீர்ந்து, கடைசியில் அசிடிட்டி மாத்திரையோடு ராத்திரி வந்து நின்றான். 'எரியுது' என்ற ஒரு சொல் தெரிந்திருந்தால் போதும், அந்த அலைச்சலே இல்லை.

ஆரம்பத்தில் வகுப்பு எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அ, ஆ என்று எழுத்திலிருந்து தொடங்கி "எனக்குத் தேநீர் வேண்டும்" என்று சொல்லிக்கொடுத்தார்கள். எந்த டீக்கடையில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? அப்புறம் மண்டபத்தில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து ஒரு அக்கா வந்து பொறுப்பெடுத்தார், எல்லாம் மாறியது. "அண்ணே, ஒரு டீ, சக்கர கம்மியா." "வயிறு வலிக்குது, நேத்துலேருந்து." "இந்த மாசம் ரெண்டு நாள் சம்பளம் கொறையுது, பாத்துச் சொல்லுங்க." கடைசி வாக்கியத்தை என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தார். அதுதான் சரி.

அந்த அக்கா 1990-ல் கைக்குழந்தையாகப் படகில் வந்தவர். அகதிகள் முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது 2021-ல்தான், அவர் வளர்ந்ததெல்லாம் அதற்கு முன்னால். "பள்ளிக்கூடத்தில எங்களை அகதிப் பிள்ளையள் எண்டுதான் கூப்பிடுவினம், பேர் சொல்லிக் கூப்பிட எவ்வளவு காலம் எடுத்தது தெரியுமே" என்றார் ஒருநாள். அதனால் அவருடைய வகுப்பில் முதல் வேலை, வந்தவர்களின் பெயரை நாம் சரியாகச் சொல்லப் பழகுவது. நான் நான்கு பேரையும் "டேய் தம்பி" என்று ஒரே கூப்பாடாகக் கூப்பிட்டு வந்தவள். வடநாட்டு யாத்திரிகர்கள் வந்தால் "ஆயியே, பைட்டியே" என்று இந்தியில் வரவேற்க இந்த ஊரில் யாருக்கும் சிரமமில்லை. மேசை துடைக்கிற பையனுக்குத் தாய்மொழி இந்தியே இல்லை, ஒடியா என்று விசாரித்தவர்கள் எத்தனை பேர்? ஒருத்தன் என்னை "அபா, அபா" என்பான், அப்பா என்கிறானே என்று ரொம்ப நாள் குழம்பியிருக்கிறேன். அவர்கள் மொழியில் அபா என்றால் அக்காவாம்.

வகுப்போடு விட்டுவிடாமல் சேர்ந்து வேலை செய்ய வைப்பது இவர்களிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுப் பையன்கள் கரையில் இருப்பார்கள், அவர்களோடு சேர்த்துக் கடற்கரையில் கிடக்கும் அறுந்த வலைகளைப் பொறுக்க விட்டார்கள். வேலை முடிந்ததும் பழைய சோறும் சுட்ட கருவாடும். எங்கள் பையன்கள் சட்டியைப் பார்த்ததும் "பக்காளா!" என்று கத்தினார்கள், அங்கேயும் அதே சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றிவைத்து மறுநாள் சாப்பிடுகிறார்கள்.

2025 நவம்பர் 5, நமக்கு ஐப்பசிப் பௌர்ணமி, அவர்களுக்கு அது கார்த்திகைப் பௌர்ணமி. அந்தக் காலத்தில் பாலிக்கும் ஜாவாவுக்கும் கப்பலேறிய வணிகர்களை நினைத்து, விடிகாலையில் வாழைமட்டைப் படகில் விளக்கேற்றித் தண்ணீரில் விடுவார்களாம். இங்கேயும் செய்வோம் என்று தன்னார்வலர்களே கேட்டார்கள். கொட்டகையை இடம் கொடுத்த தாத்தா, 1964 புயலில் தனுஷ்கோடியை விட்டு வந்த குடும்பம், மட்டையை ஈர்க்குச்சியால் கோர்த்துக் கொடுத்தார். "வாடை அடிக்குது, வடகடல்ல விட்டா கரைக்கே திரும்பிரும், தென்கடலுக்குப் போவோம்" என்று இருட்டோடு எல்லாரையும் கூட்டிப்போனதும் அவர்தான். பதினோரு படகு. ஒன்று மட்டும் சாய்ந்து விளக்கு அணைந்தது, தாத்தா முழங்கால் தண்ணீரில் இறங்கி நிமிர்த்தி, பையனிடம் தீப்பெட்டி வாங்கித் திரும்ப ஏற்றிவிட்டார். அப்புறம் இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்து புயல் கதை பேசினார்கள், அவர் 1964, அவன் 2013-ல் ஒடிசாவில் கோபால்பூர் பக்கம் கரையேறிய பைலின் புயல். பாதி தமிழ், பாதி கை. நான் மெஸ்ஸைத் திறக்க லேட்டாகிவிட்டது, எழுந்து வர மனசில்லை.

குறையும் இருக்கிறது. ஞாயிறு மாலை என்பது கட்டட வேலைக்காரர்களுக்குத் தோது, ஓட்டல், லாட்ஜ் வேலையில் இருப்பவர்களுக்கு அன்றுதான் கூட்டம். அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் என்னால் ஒருத்தனைக்கூட அனுப்ப முடியாது. பெண்கள் வருவதே இல்லை, குடும்பத்தோடு வந்தவர்களின் மனைவிமார் ஒருவரைக்கூட நான் அங்கே பார்த்ததில்லை. கழிப்பறை இல்லாத கொட்டகையில் இருட்டும் நேரத்து வகுப்புக்கு அவர்கள் எப்படி வருவார்கள்? இதை நேரிலும் சொல்லிவிட்டேன்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஆள் வைத்திருக்கும் கடைக்காரர்கள் முதல் இரண்டு வாரமாவது கூடப் போங்கள், தனியாக அனுப்பினால் கூச்சப்பட்டு வாசலிலேயே நிற்பார்கள். செவ்வாய் மதியம் மூன்று மணிக்கு ஒரு வகுப்பு வைத்தால் என் மெஸ் மாடியைத் தருகிறேன், அங்கே கழிப்பறையும் இருக்கிறது. அக்கா யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.