கம்ஃபர்ட்டா: எழுத்துருவில் குறையில்லை, தமிழ்தான் இல்லை

இங்கே மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் கடை திறக்கப்போகும் நண்பர் கேட்கிறார், பெயர்ப்பலகைக்குக் கம்ஃபர்ட்டா சரிவருமா என்று. பிரெஞ்சு மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். கீழே ஒரு வரி தமிழும் வேண்டுமென்றால் கொஞ்சம் பொறுங்கள்.

யோஹான் ஆக்கர்லுண்ட் வரைந்த எழுத்துரு. திறந்த உரிமம், காசு கிடையாது. ஒரே தடிமன் கோடு, வட்டம், உருண்ட நுனி, அவ்வளவுதான். விண்கலத்துக் கதவில் எழுதினாலும் பொருந்தும். பிரெஞ்சுக்கு வேண்டிய மேற்குறிகள் எல்லாம் உண்டு. பெரிய அளவுக்கென்றே செய்தது, விலைப்பட்டியலை இதில் அடித்துக் கண்ணைக் கெடுக்காதீர்கள்.

எதிர்பாராத லாபம் வினைலில், அதாவது எழுத்தை வெட்டி ஒட்டும் பிளாஸ்டிக் ஸ்டிக்கர் தாளில். ஸ்டிக்கர் பெரும்பாலும் கூர்மூலையிலிருந்துதான் கிளம்பும். இதில் மூலையே இல்லாததால் கடற்காற்றுக்கும் சீக்கிரம் உரிவதில்லை. லைட் எடையை, அதாவது மிக மெல்லிய கோட்டு வகையை மட்டும் 3 செ.மீ. உயரத்துக்குக் கீழே வெட்ட வேண்டாம், எழுத்தைச் சுற்றியுள்ள கழிவை உரிக்கும்போது எழுத்தும் கூடவே வந்துவிடும்.

இனி எரிச்சல். இதில் தமிழ் எழுத்துகள் கிடையாது. தட்டினால் விண்டோஸில் பெரும்பாலும் அதன் சொந்த எழுத்துருவான நிர்மலா வந்து உட்கார்ந்துகொள்ளும், வெட்டிவிட்ட நுனிகளோடு. பாலூ தம்பி 2 என்ற தமிழ் எழுத்துரு உருண்டைதான், ஆனால் அதன் எடை எண் (கூடக்கூடக் கோடு தடிக்கும்) 400-இல் தொடங்கி 800-இல் முடிகிறது. கம்ஃபர்ட்டா 300 முதல் 700 வரை. மெல்லிய பக்கம் ஜோடியே இல்லை. தவிர, பாலூவின் கொழுகொழுப்பு பலகாரக் கடைக்குத்தான் பொருந்தும், விண்கலத்துக்கு அல்ல.

மிச்சமிருப்பது கைவேலை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் அடித்ததை இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் அவுட்லைனாக்கி (எழுத்தை வெறும் வடிவமாக மாற்றி), விளிம்பை நகர்த்தும் ஆஃப்செட் பாத்தில் முதலில் உள்ளே, பிறகு ரவுண்ட் மூலையோடு அதே அளவு வெளியே தள்ள வேண்டும். கோட்டின் தடிமன் 10 மி.மீ. என்றால் 4 மி.மீ. நகர்த்தினால் போதும், நுனி கிட்டத்தட்ட அரைவட்டமாகிவிடும். வரிசையை மாற்றி முதலில் வெளியே தள்ளினால் ண, ணைகளின் சுழிக்குள் இருக்கும் சின்ன ஓட்டைகள் அடைபடும். கோடு மெலியும் இடம் 8 மி.மீ.க்குக் கீழே போனால் அங்கே எழுத்து அறுந்துவிடும். அந்த எழுத்துக்கு மட்டும் அளவைக் குறையுங்கள்.

புள்ளிக்கும் அதே கணக்கு. குறுக்களவு 8 மி.மீ.க்குக் குறைந்தால் புள்ளி உள்ளே போகும்போதே காணாமல் போகும், திரும்ப வராது. கோயில் பலகை என்றால், 'தைப்பூசக் காவடி' 'தைபபூசக காவடி'யாகி ஏறிவிடும். நம் ஊரில் ப்ளாட்டர், அதாவது வினைல் வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறவர் தமிழ் வாசிப்பவராக இருப்பது அபூர்வம். அவர் கண்ணில் படாது. கோயிலுக்கு வரும் பெரியவர் கண்ணில்தான் முதலில் படும். ஆகவே புள்ளிகளை முன்பே கழற்றி ஓரமாக வைத்து, வேலை முடிந்ததும் ஒவ்வொன்றாகத் திரும்ப வையுங்கள். பத்து எழுத்து வரிக்கு ஒரு மணி நேரம் போய்விடும்.

ரூபாய் நோட்டில்கூடத் தமிழ் அச்சாகும் நாட்டில், ஒரு பலகைக்கு இந்தப் பாடா?

சரி, நண்பரே, கம்ஃபர்ட்டாவே போடுங்கள். பிரெஞ்சு வரிக்கு இதைவிட நல்லதாக எனக்குக் கிடைக்கவில்லை. தமிழ் வரியை மட்டும் என்னிடம் கொண்டுவராதீர்கள்.