3எம் 1100 நுரைக் காதடைப்பான்: ஒர்க்‌ஷாப்புக்கு வாங்கலாம், கல்ச்சுரல்ஸுக்கு வேண்டாம்

பொறியியல் கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் ஷூ இல்லாமல் வந்தால் வாசலிலேயே நிறுத்துவார்கள். காதுக்கு என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்பவர்கள் குறைவு. ஆங்கிள் கிரைண்டர் இரும்பில் உரசும்போது பக்கத்தில் நிற்பவருக்குச் சத்தம் 100 டெசிபலைச் சாதாரணமாகத் தொடும். தொழிலிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வகுத்த வரம்புப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 15 நிமிடம்தான்.

அந்த இடத்துக்கு 3எம் 1100 நல்ல தேர்வு. ஆரஞ்சு நிறத்தில், ஒரு முனை குறுகிய பாலியூரித்தேன் நுரை. விலையும் மாணவர் கைக்கு எட்டுவதுதான். இதே அடைப்பான் கயிறு கோத்து 1110 என்ற எண்ணில் வருகிறது. தொலையாது என்று பலர் அதைத்தான் வாங்குகிறார்கள். ஆனால் லேத், டிரில்லிங் மெஷின் பக்கம் கயிறு கூடவே கூடாது. வேலைப்பொருளையோ டிரில் பிட்டையோ பிடித்துச் சுழலும் சக்கில் சிக்கினால் ஆளையே இழுக்கும். அங்கே 1100 மட்டும்தான்.

சத்தத்தை எவ்வளவு குறைக்கும் என்று சொல்லும் இரண்டு டெசிபல் மதிப்பீடுகள் பெட்டியில் இருக்கும்: அமெரிக்க முறைப்படி என்ஆர்ஆர் 29, ஐரோப்பிய முறைப்படி எஸ்என்ஆர் 37. இரண்டும் ஆய்வகத்தில் சரியாகச் செருகி அளந்தவை. நடைமுறைக்கு ஒரு கணக்கு உண்டு: 29-இல் 7-ஐக் கழித்து, மிச்சத்தைப் பாதியாக்குங்கள். 11 டெசிபல் வரும். 100 டெசிபல் சத்தம் காதுக்குள் 89 ஆகும். 15 நிமிட வரம்பு ஏறக்குறைய 3 மணி நேரமாக நீளும். ஒரு லேப் வகுப்புக்குத் தாராளம்.

இந்த 11 கூடக் கிடைப்பது செருகுவதைப் பொறுத்தது. கை சுத்தமாக இருக்க வேண்டும். கிரீஸ் கையோடு உருட்டினால் அது அப்படியே காதுக்குள் போகும். விரல்களுக்கிடையில் உருட்டி, மடிப்பு விழாமல் மெல்லிய குச்சிபோல் ஆக்குங்கள். வலது காது என்றால் இடது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காது மடலை மேலும் வெளியேயும் இழுங்கள். வளைந்திருக்கும் துளை நேராகும். உடனே செருகி, 30 விநாடி விரலால் பிடித்திருங்கள். பலர் தவறுவது இந்த 30 விநாடியில்தான். விரலை எடுத்ததும் நுரை பொதபொதவென்று வெளியே உப்பி, பாதி வழியிலேயே நின்றுவிடும். கண்ணாடியில் நேராகப் பார்க்கும்போது ஆரஞ்சு நிறம் துருத்திக்கொண்டு தெரிந்தால் எடுத்துவிட்டு மறுபடி செருகுங்கள்.

இடையில் கழற்றுவது இன்னொரு பெரிய தவறு. ஒரு மணி நேர வேலையில், சத்தம் ஓடும்போதே 6 நிமிடம் கழற்றிப் பேசினால், எவ்வளவு உயர்ந்த அடைப்பானாக இருந்தாலும் சராசரிப் பாதுகாப்பு 10 டெசிபலைத் தாண்டாது. பேச வேண்டுமா, மெஷினை நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.

குறைகளும் உண்டு. காதுத்துளை குறுகலாக உள்ளவர்களுக்கு இது முழுதாக உள்ளே போகாது, வலிக்கும். அவர்களுக்குக் காதை மூடும் இயர்மஃப் நல்லது. காதில் சீழ் வடிந்தாலோ, செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ இதைத் தொடவே வேண்டாம். குறும்பி அடைத்திருந்தால் நுரை அதை இன்னும் உள்ளே தள்ளும். கழுவிப் பயன்படுத்தும் பொருளும் அல்ல; அழுக்கேறினால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கல்ச்சுரல்ஸ் மேடைக்கு இது ஒத்துவராது. நுரை கீழ்ச்சுருதியைவிட மேல்சுருதியை அதிகம் விழுங்கும். பாடல் வரி மங்கி, பேஸ் மட்டும் திம்திம்மென்று கேட்கும். இரண்டாவது பாட்டிலேயே கழற்றிவிடுவார்கள். எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும் இசைக்கலைஞர் அடைப்பான் விலை கூடுதல்தான், ஆனால் நிகழ்ச்சி முடியும்வரை காதில் இருக்கும். அதையும் போட்டுக்கொண்டு ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து தள்ளி நில்லுங்கள்.

நிர்வாகம் ஒரு மூட்டை அடைப்பான் வாங்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கவும் முடியாது. 2005 முதல் தயாரான, 1000 கேவிஏ மின்திறன் வரையிலான டீசல் ஜெனரேட்டர், அதை மூடியிருக்கும் கூண்டிலிருந்து 1 மீட்டரில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது இந்திய விதி. வகுப்பறை ஜன்னலோரம் அது அலறினால் கூண்டுக் கதவு திறந்து கிடக்கிறதா, ரப்பர் சீல் கிழிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சத்தத்தில் அழிந்த, ஒலியை உணரும் உட்செவி மயிர் செல்கள் மறுபடி முளைக்காது. சேதம் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் தொடங்குவதால், பேச்சு நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும்வரை ஆளுக்கே தெரிவதில்லை. லேப் முடிந்தபின் காதில் 'ஙொய்' என்ற சத்தம் மறுநாளும் நிற்கவில்லை என்றால் காது மருத்துவரிடம் ஆடியோகிராம் என்ற செவித்திறன் சோதனை எடுங்கள். 3000, 4000, 6000 ஹெர்ட்ஸ் மூன்றையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.