தையல் விட்டது, எரிச்சல் விடவில்லை: பி.எச்.எஸ். எபிரேய பைபிளோடு பதினெட்டு வருடம்

போன வாரம் பைண்டிங் கடையிலிருந்து புத்தகம் திரும்பி வந்தது. ஏசாயா பக்கம் முதுகுத் தையல் விட்டு, நாலைந்து தாள் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் தையலை நன்றாகவே போட்டிருக்கிறார். மேலட்டையைத்தான் மாற்றி ஒட்டிவிட்டார். எபிரேயம் வலமிருந்து இடம் போகும், புத்தகமும் அப்படித்தான் திறக்கும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தேன். கேட்டதற்கு, "பின்னாடியிலேர்ந்து ஆரம்பிக்கிற புக்கா சார்? அச்சாபீஸ்லயே தப்பா ஒட்டிட்டாங்கன்னு நெனச்சு நான்தான் சரி பண்ணினேன்" என்றார். சண்டை போட மனம் வரவில்லை.

அதே வாரம் பி.டி. (இறையியல் பட்டம்) இரண்டாம் வருடம் படிக்கிற தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, பி.எச்.எஸ். வாங்கலாமா, ஃபோன்ல இருக்கிற ஆப்பே போதுமா?" ஒரு வரியில் சொல்ல முடியவில்லை, அதனால் இது.

புத்தகம் என்னவென்று அவனுக்கே தெரியும். மற்றவர்களுக்காக: பி.எச்.எஸ். என்பது 'பிப்ளியா ஹெப்ராயிகா ஸ்டுட்கார்டென்சியா', எபிரேய பைபிளின் ஆய்வுப் பதிப்பு. 1977-ல் ஸ்டுட்கார்ட்டில் ஒரே தொகுதியாக வந்தது. 1008 வாக்கில் கெய்ரோவில் சாமுவேல் பென் யாக்கோபு எழுதிய லெனின்கிராட் சுவடியை அப்படியே மேலே அச்சிட்டு, மற்றச் சுவடிகளிலும் பழைய மொழிபெயர்ப்புகளிலும் உள்ள பாடபேதங்களை, அதாவது சொல் மாறி வரும் இடங்களை, அடியில் பொடி எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். என் பதினெட்டு வருட எரிச்சல் அந்தப் பொடி எழுத்தில்தான்.

எழுத்துச் சின்னது என்பதைச் சொல்லவில்லை. அதற்குக் கண்ணாடி வாங்கியாயிற்று. லத்தீன் சுருக்கங்களும் ஒரு செமஸ்டரில் பழகிவிடும். பழகாதது 'பிஆர்பி'. 'முன்மொழியப்பட்டது' என்று அர்த்தம். யார் முன்மொழிந்தது? எப்போது? ஏன்? மூச்சே கிடையாது. இதற்கு அண்ணன் ஒற்றை 'எல்'. அது 'இப்படிப் படி' என்று கட்டளையே போடும். 'மல்ட்' என்றால் பல சுவடிகள், அதாவது இருபதுக்கு மேல். சரி, அந்த இருபதும் எந்த நூற்றாண்டு? எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவையா? எண்ணிக்கை உண்டு, எடை கிடையாது.

ஆமோஸ் 6:12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பாறைமேல் குதிரை ஓடுமா, மாடுகளால் ஒருவன் உழுவானா என்று தீர்க்கதரிசி கேட்கிறார். முதல் கேள்விக்கு 'ஓடாது' என்று பதில். இரண்டாவதுக்கு? மாட்டால் உழாமல் வேறு எதால் உழுவார்கள்? நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'அங்கே' என்று ஒரு சொல்லைச் சேர்த்து, பாறைமேலேயே ஏர் கட்டிச் சமாளித்திருக்கிறார்கள். பி.எச்.எஸ். அடிக்குறிப்போ 'பப்காரிம்' என்ற ஒரே சொல்லை 'பபாக்கார் யாம்' என்று இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறது. ஒரு மெய்யெழுத்துகூட மாறவில்லை. இடைவெளி மட்டும் நகர்கிறது. இப்போது கேள்வி: மாட்டைப் பூட்டிக் கடலை உழுவானா? முதல் தடவை பார்த்தபோது எழுந்து நின்றுவிட்டேன். 18-ம் நூற்றாண்டு ஜெர்மானியர் மிகாயேலிஸ் சொன்ன யோசனை இது. அந்தப் பெயர் எனக்குத் தெரிய வந்தது பல வருடம் கழித்து, வேறொரு விளக்கவுரையில். இந்தப் பக்கத்தில் ஒரு பெயர் போட்டிருந்தால் என்ன, மை தீர்ந்தா போயிருக்கும்?

ஆனால் எல்லா இடத்திலும் திட்ட முடியாது. ஆதியாகமம் 4:8. காயீன் ஆபேலோடே 'பேசினான்' என்று தமிழில் வாசித்து வளர்ந்தவன் நான். எபிரேயத்தில் இருப்பது 'சொன்னான்'. என்ன சொன்னான் என்பது மட்டும் இல்லை. அடுத்த நொடி இருவரும் வயலில் இருக்கிறார்கள், தம்பி சாகிறான். பல சுவடிகளில் இங்கே இடைவெளி விட்டிருக்கிறது என்று அடிக்குறிப்பு சொல்கிறது. 'வயலுக்குப் போவோம்' என்ற பேச்சு சமாரியர் வைத்திருந்த எபிரேயப் பிரதியிலும் கிரேக்க, சீரிய, லத்தீன் மொழிபெயர்ப்புகளிலும் இருப்பதையும் காட்டுகிறது. இத்தனையும் ஒன்றரை வரிக்குள்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஓரத்தில் இருந்தது. சில சொற்களுக்கு மேலே ஒரு குட்டி வட்டம் இருக்கும், அதற்கு நேராகப் பக்க ஓரத்தில் ஓர் எழுத்து. இதுதான் மசோரா, பழைய எபிரேயப் பிரதியாளர்கள் சொற்களை எண்ணி எழுதி வைத்த ஓரக்குறிப்பு. லாமெத் என்ற எழுத்து இருந்தால், இந்த வடிவம் வேறெங்கும் வராது என்று அர்த்தம். முதல் பக்கத்து முதல் சொல் 'பெரேஷித்', 'ஆதியிலே'. ஓரத்தில் ஐந்து என்று குறித்து, அதில் மூன்று வசனத் தொடக்கத்தில் என்றும் இருக்கிறது. ஒரு மழை ராத்திரி, கரண்ட் இல்லாத நேரம், மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு மற்ற நாலையும் தேடினேன். நாலும் எரேமியாவில்: 26:1, 27:1, 28:1, 49:34. கணினி இல்லை, அச்சு இல்லை, ஒருவன் எண்ணி வைத்திருக்கிறான். ஆயிரம் வருடம் கழித்தும் கணக்குத் தப்பவில்லை.

இதிலும் ஒரு வயிற்றெரிச்சல். ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்ற மசோரா பட்டியலுக்குப் பக்கத்தின் கீழே எண் மட்டும்தான் இருக்கும். பட்டியல் வேண்டுமென்றால் 1971-ல் ஜெரார் வெய்ல் வெளியிட்ட வேறொரு தடிப் புத்தகத்தைத் தேடிப் போக வேண்டும். பூட்டு ஒரு கடையில், சாவி இன்னொரு கடையில்.

இதற்கு அடுத்த பதிப்பு, பி.எச்.க்யூ., 2004-லிருந்து தவணை தவணையாக வருகிறது. அதில் ஏன் இப்படிப் படிக்க வேண்டும் என்று காரணமும் எழுதுகிறார்கள், மசோராவையும் மொழிபெயர்த்துத் தருகிறார்கள். நான் கேட்டதெல்லாம் அதில் இருக்கிறது, முழுசாக வந்து முடியாததைத் தவிர.

ஆகவே தம்பி, வாங்காதே. உனக்கு இப்போது தேவை மேலே இருக்கிற எபிரேயம். அது ஆப்பில் இருக்கிறது. அடிக்குறிப்புக்கு நூலகத்துக்குப் போ. என்னுடையதை இரவல் கேட்காதே, தர மாட்டேன்.

புது அட்டையை நம்பித் திறந்தால் இப்போது ஆதியாகமம் வருவதில்லை. ஓரிரு தாள் தள்ளினால் நாளாகமத்தின் கடைசிப் பக்கம், பெர்சிய ராஜா கோரேசின் ஆணை. எபிரேய பைபிளின் கடைசிச் சொல் அங்கேதான் இருக்கிறது. நம் மொழிபெயர்ப்பில் 'போகட்டும்'. அட்டையைப் பிரித்து ஒட்டச் சொல்லி மறுபடி கடைக்குப் போகலாமென்றுதான் இருந்தேன். போகட்டும்.