பைலட் லாக்புக் ஆப்: காசு கட்றதுக்கு முன்னாடி பாருங்க

சத்துவாச்சாரி, காட்பாடி பக்கத்துல சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) படிக்கிற பசங்க "அண்ணா எந்த லாக்புக் ஆப் வாங்கலாம்"னு கேட்டுக்கினே இருக்காங்க, அதான் எழுதறேன். லாக்புக்னா பறந்த மணி நேரத்த எல்லாம் குறிச்சு வைக்கிற கணக்கு. நான் யூஸ் பண்றது லாக்டென். டோட்டல் எல்லாம் அதுவே கூட்டிக்கும், பாக்கவும் அழகா இருக்கு, ஆனா ஐபோன், ஐபேட், மேக்ல மட்டும்தான் ஓடும், சந்தாவும் கட்டிக்கினே இருக்கணும். ஆண்ட்ராய்டு வச்சிருக்கவங்களுக்கு ஆகாது.

ஒண்ணு தெளிவா புரிஞ்சிக்கோங்க, லைசென்ஸ் குடுக்கற அரசு அமைப்பு டிஜிசிஏ கிட்ட செல்லுறது அவங்களோட இஜிசிஏ ஆன்லைன் போர்ட்டல்ல இருக்கற இ-லாக்புக்தான், வெளி ஆப் எவ்ளோ காசு போட்டு வாங்கினாலும் அது நம்ம சொந்தக் கணக்கு. அப்போ அந்தக் கணக்கு எதுக்கு உதவணும்? சிபிஎல்லுக்கு மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்கணும், அதுல பிஐசி (நாமளே பொறுப்பு பைலட்டா ஓட்டறது) 100, கிராஸ் கன்ட்ரி (ஊர் விட்டு ஊர் பறக்கறது) பிஐசி 20, இன்ஸ்ட்ருமென்ட் (கருவிய மட்டும் பாத்து ஓட்டறது) 10, நைட் 5, இதெல்லாம் தனித்தனியா பிரிச்சு இன்னும் எவ்ளோ பாக்கினு காட்டணும். காட்டலைனா அந்த ஆப் வேணாம்.

அப்புறம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம்ம டைம் 5:30 மணி நேரம் முன்னாடி, காலைல 5 மணிக்கு கெளம்பினா யுடிசில முந்தின நாள் 23:30, தேதியே மாறிடும். இத ஒழுங்கா கையாளுதானு ட்ரையல்லயே போட்டுப் பாருங்க. சிஎஸ்வில (எக்செல்ல தொறக்கற ஃபைல்) எக்ஸ்போர்ட் வருதான்னும் பாத்துடுங்க, சந்தா நிறுத்தினாலும் நம்ம மணி நேரம் நம்ம கையில இருக்கணும். ஆண்ட்ராய்டுல மனசுக்குப் புடிச்சது கிடைக்கிற வரைக்கும் எக்செல் ஷீட்டே தாராளமா போதும் தம்பி.