கடைத் தோட்டாவா, கையில் நிரப்பியதா?

கடையில் தோட்டா வாங்குவதா, சுட்டு முடித்த கூட்டில் வெடிமருந்தும் குண்டும் வைத்து நாமே தயாரிப்பதா? அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவர்களை விடாத குழப்பம் இது.

செலவு: கடைத் தோட்டாவுக்கு ஒவ்வொரு முறையும் முழு விலை. கையில் நிரப்பினால் பித்தளைக் கூடு மறுபடியும் உதவும். கருவிகளுக்குத்தான் முதலில் பணம் போட வேண்டும்.

ஆபத்து: எனக்குப் பயம் இங்கேதான். வெடிமருந்து போட மறந்தால், அதைப் பற்றவைக்கக் கூட்டின் அடியில் இருக்கும் பிரைமர் மட்டும் வெடித்து, 'டப்' என்ற மெல்லிய சத்தத்தோடு குண்டு குழலுக்குள் சிக்கிவிடும். கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழலே வெடிக்கலாம். ஒவ்வொரு கூட்டிலும் விளக்கடித்துப் பார்த்த பிறகே குண்டைப் பொருத்துங்கள்.

வாரண்டி: கையில் நிரப்பியதைச் சுட்டால் துப்பாக்கிக்கு வாரண்டி இல்லை என்றே பல கையேடுகள் சொல்கின்றன. 1975-ம் ஆண்டு வந்த மேக்னசன்-மாஸ் என்ற அமெரிக்க வாரண்டிச் சட்டம், வாரண்டிக்காகக் குறிப்பிட்ட பிராண்டைக் கட்டாயப்படுத்துவதைப் பொதுவாகத் தடுக்கிறது. ஆனால் நீங்கள் நிரப்பிய தோட்டாவால் வந்த சேதத்துக்குத் துப்பாக்கித் தயாரிப்பாளர் பொறுப்பல்ல. கடைத் தோட்டா என்றால் லாட் எண் (எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் எண்) உள்ள பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் ஆதாரம்.

புதுத் துப்பாக்கிக்குக் கடைத் தோட்டா. நிறையப் பயிற்சி, நிறையப் பொறுமை இருப்பவருக்குக் கையில் நிரப்பியது.